வித்தது ஒரு சீட்டை மட்டுமில்லை

2018: 7 புள்ளிகள். 2019: 1 புள்ளி. 2020: பூச்சியம்.

இது ஃபோர்முலா வன் பந்தயத்தில் வில்லியம்ஸ் அணியின் மூன்று வருடக் கணக்கு. அணிகளுக்கான உலகச் சம்பியன் பட்டத்தை 9 தடவையும், தன் சாரதிகள் மூலம் சாரதிகளுக்கான பட்டத்தை 7 தடவையும் எடுத்த அணி இது. அப்படிப்பட்ட அணி இந்த மூன்று வருடமும் 10 அணிகளில் பத்தாவதாக வந்தது. 2020இல் 17 பந்தயங்கள் ஓடினார்கள். ஒன்றிலாவது முதல் 10 பேருக்குள் ஒரு கார் வந்திருந்தால் ஒரு புள்ளியாவது கிடைத்திருக்கும். அதுவும் இல்லை.

ஏன் இப்பிடி ஆனது என்று ரசிகர்களைக் கேட்டுப் பாருங்கோ. பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்லுவினம்: "கொப்பரின்ட காசில ஓடுற பெடியங்களைக் காருக்குள்ள ஏத்தினால் வேற என்ன நடக்கும்?" மிச்ச ரெண்டு பேரும் கொஞ்சம் நிதானமானவர்கள். "காசில்லாட்டி அணியை மூடத்தான் வேணும், அவையள் பாவம் என்ன செய்யிறது?" என்று கேட்பினம்.

இந்த ரெண்டு பதிலோடும் எங்களுக்குச் சண்டை இருக்கிறது. முதல் பதில் பிழையான ஆளைப் பிடித்து அடிக்கிறது. இரண்டாவது பதில் அடிவாங்க வேண்டியவர்களுக்குக் குடை பிடிக்கிறது. எங்கட நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறோம். காசு கொண்டுவந்த சாரதியிலே எங்களுக்குக் கோபம் இல்லை. சீட்டை வருடாவருடம் வாடகைக்கு விட்டு அதையே தொழிலாக்கப் பார்த்த அணி நிர்வாகத்திலேயும், அப்படி விட்டுத்தான் பிழைக்கலாம் என்ற நிலைக்குச் சின்ன அணிகளைத் தள்ளின காசுப் பங்கீட்டிலேயும்தான் கோபம்.

காசுப் பெடியங்கள்தான் காரணமா?

விளையாட்டைப் பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நாங்கள் பேசும் காலத்தில் ஃபோர்முலா வன்னில் 10 அணிகள். அணிக்கு இரண்டு சாரதிகள். உலகம் முழுக்க 20 சீட்டுகள், அவ்வளவுதான். வழமையாக அணி சாரதிக்குச் சம்பளம் கொடுக்கும். சில இடங்களில் கதை தலைகீழ். சாரதி தன் தகப்பனின் காசையோ, தன் நாட்டுக் கொம்பனியொன்றின் அனுசரணையையோ கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் காருக்குள் ஏறுவார். அவரைத்தான் 'பே ட்ரைவர்' என்று சொல்லுறது.

2018இல் வில்லியம்ஸின் இரண்டு சீட்டிலும் இப்படிப்பட்டவர்களே இருந்தார்கள். ஒருவர் கனடாவின் லான்ஸ் ஸ்ட்ரோல். தகப்பன் லோறன்ஸ் ஸ்ட்ரோல், டொமி ஹில்ஃபிகர், மைக்கல் கோர்ஸ் போன்ற உடுப்பு பிராண்டுகளில் காசு போட்டுக் கோடீஸ்வரர் ஆனவர். மற்றவர் ரஷ்யாவின் செர்ஜி சிரோட்கின். அவருக்குப் பின்னால் எஸ்எம்பி ரேசிங் என்ற ரஷ்ய அனுசரணை. அந்த வருடம் அணிக்குக் கிடைத்தது 7 புள்ளி. ஸ்ட்ரோல் 6, சிரோட்கின் 1.

அடுத்த வருடம் இரண்டு பேரும் இல்லை. பதிலுக்கு வந்தவர்களில் ஒருவர் ஜோர்ஜ் ரசல். ஃபோர்முலா 2 பட்டத்தை அப்போதுதான் வென்று வந்தவர், மெர்சிடிஸ் வளர்த்த பெடியன், திறமையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த வருடம் ரசல் எடுத்த புள்ளிகள் எத்தனை? பூச்சியம். 2020இல் வில்லியம்ஸ் காரில் எத்தனை? அதுவும் பூச்சியம்.

ஆக, எல்லாரும் சிரிக்கிற இரண்டு காசுப் பெடியங்கள் ஓடின வருடம்தான் அந்த மூன்று வருடத்திலும் நல்ல வருடம்! கேலி செய்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை.

2020 டிசம்பரில் இதற்கு ஒரு பரிசோதனையே நடந்தது. லூயிஸ் ஹமில்டனுக்குக் கொவிட். பஹ்ரைனில் நடந்த சகீர் பந்தயத்துக்கு மெர்சிடிஸ் அவருக்குப் பதிலாக ரசலைக் கூப்பிட்டது. முதல் வாரம் வில்லியம்ஸ் காரில் ஓடின அதே பெடியன், அடுத்த வாரம் இரண்டாவது இடத்தில் இருந்து புறப்பட்டுப் பந்தயத்தின் பெரும்பகுதியில் முன்னுக்கு ஓடினான். அணி டயரை மாற்றிப் போட்டுக் குழப்பி, பிறகு ஒரு டயர் காற்றும் போய், கடைசியில் ஒன்பதாவதாக வந்தான். அப்படி வந்தும் 3 புள்ளி. இரண்டு வருடம் வில்லியம்ஸில் கிடைக்காத புள்ளிகள் ஒரே பின்னேரத்தில்.

சாரதி முக்கியமில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கார் ஓடாத இடத்தில் சாரதியைக் குற்றம் சொல்லுறது, கூரை ஒழுகிற வீட்டில் பாயைத் திட்டுறது மாதிரி.

காசு வாங்கியே பிறந்த அணி

"வில்லியம்ஸ் மாதிரி மானமுள்ள அணி சீட்டை வித்திட்டுதே" என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1977இல் ஃபிராங்க் வில்லியம்ஸும் பட்ரிக் ஹெட்டும் இந்த அணியைத் தொடங்கினபோது அவர்களிடம் சொந்தக் காரே இல்லை. மார்ச் என்ற கொம்பனியின் காரை வாங்கி ஓட்டினார்கள். ஓடினவர் பெல்ஜியத்தின் பட்ரிக் நெவ். அவரோடு கூட வந்தது பெல்வியூ என்ற பெல்ஜிய பியர்க் கொம்பனியின் அனுசரணை. அதாவது இந்த அணியின் முதல் சாரதியே காசோடு வந்தவர்தான்.

இன்னும் பின்னுக்குப் போகலாம். நிக்கி லவுடா 1970களின் தொடக்கத்தில் வங்கியில் கடன் எடுத்துத்தான் சீட்டு வாங்கினார். குடும்பம் வசதியான குடும்பம், ஆனால் உவன் கார் ஓடக்கூடாது என்று நின்றது. பிறகு அந்த மனிசன் மூன்று தடவை உலகச் சம்பியன். காசு கட்டி உள்ளே வந்தவன் திறமையில்லாதவன் என்ற சூத்திரம் அங்கேயே உடைந்துவிட்டது.

1977க்கும் 2018க்கும் வித்தியாசம் இருக்கிறது, எங்கட வாதமே அந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. நெவ்வோடு வந்த காசில் ஒரு வருடத்தைக் கடந்த அணி, 1978இல் பட்ரிக் ஹெட் வடிவமைத்த சொந்தக் காரோடு வந்தது. அலன் ஜோன்ஸைச் சாரதியாக எடுத்தது. 1979இல் சில்வர்ஸ்டனில் முதல் வெற்றி. 1980இல் இரண்டு பட்டமும். வாங்கின காசு அவர்களுக்கு ஆற்றைக் கடக்கிற தோணி. கடந்த பிறகு தோணியை விட்டுவிட்டு நடந்தார்கள். நாற்பது வருடம் கழித்து அதே அணி தோணியிலேயே குடியிருக்கப் பார்த்தது.

ஒரு முதலிடத்தின் விலை

சரிவு 2018இல் தொடங்கவில்லை. 2010 நவம்பருக்குப் போவோம். பிரேசிலின் இன்டர்லாகோஸ் ஓடுபாதை, மழை பெய்து காய்ந்துகொண்டிருக்கிறது. வில்லியம்ஸின் புதுப் பெடியன் நிக்கோ ஹுல்கன்பேர்க் தகுதிகாண் சுற்றில் இரண்டாவது ஆளை விட ஒரு விநாடிக்கும் மேலான வித்தியாசத்தில் முதலிடம் எடுக்கிறார். ஃபோர்முலா வன்னில் ஒரு விநாடி என்பது ஒரு யுகம். அணிக்கு ஐந்து வருடத்துக்குப் பிறகு கிடைத்த போல் பொசிஷன் அது.

சில கிழமையில் அவருக்கு வேலை இல்லை.

அவரின் இடத்துக்கு வந்தவர் வெனிசுவேலாவின் பாஸ்டர் மல்டொனாடோ. கூடவே வெனிசுவேலாவின் அரச எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் பெரிய அனுசரணை. இங்கே ஒரு நேர்மை வேணும்: மல்டொனாடோ 2010இன் ஜிபி2 சம்பியன். சும்மா ஆள் இல்லை. 2012 மே மாதம் பார்சிலோனாவில் ஃபெர்னாண்டோ அலொன்சோவை அவரின் சொந்த மண்ணிலேயே பின்தள்ளி வென்றார். இன்றுவரைக்கும் வில்லியம்ஸின் கடைசி வெற்றி அதுதான். பே ட்ரைவர் என்று சிரிக்கிறவர்கள் அந்த அணியின் கடைசி வெற்றியும் ஒரு பே ட்ரைவர் தந்ததுதான் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு நாள் வெற்றியை விட்டுவிட்டு முழுக்கணக்கையும் பாருங்கோ. 2011இல் அணிக்கு 5 புள்ளி, ஒன்பதாவது. 2012இல் எட்டாவது. 2013இல் திரும்பவும் 5 புள்ளி, ஒன்பதாவது. அதற்குப் பிறகு மல்டொனாடோ லோட்டஸ் அணிக்குப் போனார். எண்ணெய்க் காசும் அவரோடு எழும்பிப் போனது. பிறகு எண்ணெய் விலை விழுந்தது, காசு நின்றது, 2016இல் அவருக்கும் சீட்டு இல்லை.

இந்தக் காசின் குணம் இதுதான். சாரதியோடு வரும், சாரதியோடு போகும். ஒரு தொழிற்சாலைக்கு முதலாக நிற்காது. நாலு வருடம் கழித்து எங்கே இருக்கும் என்று ஒருவராலும் சொல்ல ஏலாது. இன்னொரு அணியிலும் இதையே கண்டோம். ஹாஸ் அணி 2021இல் ரஷ்யாவின் நிகிட்டா மசெபினையும் அவரின் தகப்பனோடு தொடர்புபட்ட உரல்கலி உரக் கொம்பனியின் காசையும் எடுத்தது. காருக்கு ரஷ்யக் கொடியின் நிறமே அடித்தார்கள். 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் போன கையோடு, பந்தயங்கள் தொடங்கும் முதலே, சாரதியும் இல்லை, அனுசரணையும் இல்லை.

2018: எல்லாம் ஒரே நாளில் எழும்பிப் போனது

2014, 2015 இரண்டு வருடமும் வில்லியம்ஸ் மூன்றாவது இடத்தில் வந்த அணி. மெர்சிடிஸ் எஞ்சின், மார்ட்டினியின் பெயர், வல்ட்டேரி பொட்டாஸும் ஃபெலிப்பே மசாவும் சாரதிகள். மீண்டுவிட்டார்கள் என்றே எல்லாரும் நினைத்தோம். 2016இல் ஐந்தாவது. 2017இல் 18 வயது லான்ஸ் ஸ்ட்ரோல் வந்தார். அந்த வருடம் அவர் பாகுவில் மூன்றாவதாக வந்து மேடை ஏறினார். வருட முடிவில் அவருக்கு 40 புள்ளி, அனுபவசாலி மசாவுக்கு 43. 'உதவாத பெடியன்' எடுத்தது மூன்றே மூன்று புள்ளி குறைவு. இதையும் கேலி செய்கிறவர்கள் சொல்லுறதில்லை.

அதுவரைக்கும் அந்த முடிவை நாங்களும் பெரிய பிழை என்று சொல்லமாட்டோம். பக்கத்தில் மசா இருந்தார். காரில் என்ன கோளாறு என்று எஞ்சினியர்களுக்குச் சொல்ல ஒரு மூத்தவர் இருந்தார். பிழை 2018இல். மசா ஓய்வுபெற்றதும் அந்த இடத்துக்கு ஒரு மூத்தவரை எடுக்காமல் இரண்டாவது சீட்டையும் காசுக்கே விட்டார்கள். அணியில் இருந்தவர்களில் ஒருவருக்கு ஒரு வருட அனுபவம், மற்றவருக்கு ஒரு பந்தய அனுபவமும் இல்லை.

இது ஏன் முக்கியம்? காற்றுச் சுரங்கத்தில் நல்லாய்த் தெரிகிற கார் ஓடுபாதையில் வேறு மாதிரி நடக்கும். 2018 காருக்கு இந்த வியாதி கடுமையாக இருந்தது. அப்படியான நேரத்தில் "பின்பக்கம் இந்த வளைவில் இப்படிப் போகுது, போன வருடக் காரில் இது இல்லை" என்று பத்துக் கார் ஓடின ஒருவர் வந்து சொல்ல வேணும். 19, 22 வயதுப் பெடியங்களிடம் அதை எதிர்பார்த்தது அவர்களுக்குச் செய்த அநியாயம். சுகமில்லாத ஆளின் பக்கத்தில் அனுபவமுள்ள வைத்தியரை வைக்காமல் முதலாம் வருட மாணவர்களை வைத்துவிட்டு, ஆள் தேறவில்லை என்றதும் மாணவர்களைத் திட்டுறது மாதிரி.

பிறகு வந்தது கணக்குத் தீர்க்கிற நேரம். 2018 ஒகஸ்டில் லோறன்ஸ் ஸ்ட்ரோலின் கூட்டு, கடனில் கிடந்த ஃபோர்ஸ் இந்தியா அணியை வாங்கியது. வாடகைக்கு இருந்தவர் சொந்த வீடு வாங்கிவிட்டார்! மகன் அங்கே போனார். எஸ்எம்பியும் சிரோட்கினும் விலகினார்கள். மார்ட்டினியும் போனது. ஒரே வருட முடிவில் அணியின் காசு வந்த வாசல்கள் பல அடுத்தடுத்துப் பூட்டின. அடுத்த பெப்ரவரி பார்சிலோனாவில் பரிசோதனை ஓட்டம் தொடங்கினபோது மற்ற அணிகளின் கார்கள் ஓடின. வில்லியம்ஸின் கார் இன்னும் முடியவே இல்லை. முதல் இரண்டரை நாள் அவர்களின் கராஜ் வெறுமையாகக் கிடந்தது.

கடைசியில் 2020 ஒகஸ்டில் டொரில்டன் கப்பிட்டல் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு அணி விற்கப்பட்டது. செப்டெம்பரில் மொன்சா பந்தயத்தோடு வில்லியம்ஸ் குடும்பம் வெளியேறியது. ஃபிராங்கின் மகள் கிளேயர் 2013இல் இருந்து அன்றாடம் நடத்திவந்த அணி. அடுத்த வருடம் நவம்பரில் ஃபிராங்க் வில்லியம்ஸ் காலமானார். சீட்டில் தொடங்கின விற்பனை வீட்டில் போய் முடிந்தது.

"அந்தக் குடும்பங்களுக்கு யார் சோறு போடுறது?"

எங்களோடு வாதாடுகிறவர்கள் சொல்லும் பலமான நியாயம் இது. இங்கிலாந்தின் குரோவ் கிராமத்தில் இருக்கிற தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள். மாதச் சம்பளம் கொடுக்க வேணும். ஒரு தகப்பன் காசோடு வந்து நிற்கும்போது "உங்கட மகன் வேண்டாம்" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? சொல்லியிருந்தால் 2014இல் கேட்டர்ஹம் மூடினது மாதிரி, 2012இல் எச்ஆர்டி மூடினது மாதிரி வில்லியம்ஸும் மூடியிருக்காதா?

மூடியிருக்கலாம். அதை மறுக்கவில்லை. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுவோம். கேட்டர்ஹமும் எச்ஆர்டியும் சீட்டை விற்கவில்லையா? விற்றன. விற்றும் செத்தன. சீட்டு விற்ற காசு அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகும், அதற்கு அடுத்த வருடம் திரும்பவும் விற்க வேணும். ஒவ்வொரு தடவை விற்கும்போதும் முடிவு ஒருபடி கீழே போகும். கீழே போனால் பரிசுக்காசு குறையும். குறைந்தால் இன்னும் விற்க வேணும். வட்டிக்கு வாங்கி வட்டி கட்டுறது எங்கே போய் முடியும் என்று எங்கட ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தொழிற்சாலைக்குள் என்ன நிலைமை இருந்தது என்பது பிறகு வெளியே வந்தது. 2023இல் பொறுப்பெடுத்த ஜேம்ஸ் வவுல்ஸ், தான் போனபோது சில வசதிகள் இருபது வருடம் பின்தங்கிக் கிடந்ததாகச் சொன்னார். ஒரு காரின் ஏறத்தாழ 20,000 பாகங்களின் விபரமும் ஒரு எக்செல் கோப்பில் இருந்ததாம். எது எங்கே இருக்கு, எப்ப வரும், என்ன விலை என்று அதில் ஒழுங்காகப் பார்க்க ஏலாது. 2024 மார்ச்சில் மெல்பேர்னில் அலெக்ஸ் அல்பன் பயிற்சி ஓட்டத்தில் காரை அடித்தபோது அணியிடம் மாற்றுச் சட்டகம் ஒன்றுகூட இல்லை. மற்றச் சாரதி லோகன் சார்ஜன்ட்டின் காரை வாங்கி அல்பனுக்குக் கொடுத்தார்கள். எந்தப் பிழையும் செய்யாத சார்ஜன்ட் கராஜில் நின்று பந்தயத்தைப் பார்த்தார்.

இது ஒரு வருடத்தில் வந்த வறுமை இல்லை. வருடாவருடம் வந்த காசு அந்த வருடத்தை ஓட்டவே சரியாய்ப் போனால், கூரையைத் திருத்த ஒருநாளும் காசு மிஞ்சாது. தொழிலாளர் குடும்பங்களைக் காட்டி இந்த விற்பனையை நியாயப்படுத்துகிறவர்களுக்கு நாங்கள் சொல்லுறது இதுதான்: அந்தத் தொழிலாளருக்குப் பழைய கருவிகளைக் கொடுத்து வருடாவருடம் கடைசியில் விட்டதும் இதே விற்பனைதான்.

யாருடைய காசு நல்ல காசு?

இனி ரசிகர்களிடம் வருவோம். 2019இல் ரசலோடு வில்லியம்ஸில் ஓடினவர் போலந்தின் ரொபேர்ட் குபிட்சா. 2008இல் கனடாவில் வென்றவர். 2011இல் ராலி விபத்தில் கை சிதைந்து, எட்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தவர். அவர் வந்ததில் எங்களுக்கும் சந்தோஷம். ஆனால் அவரோடு போலந்தின் ஒர்லன் எண்ணெய்க் கொம்பனியும் வந்தது. 2020இல் அவர் அல்ஃபா ரோமியோவுக்குப் போனபோது ஒர்லனும் கூடப் போனது. மல்டொனாடோவின் கதைக்கும் இதற்கும் காசுக் கணக்கில் என்ன வித்தியாசம்? ஒருவரை 'பே ட்ரைவர்' என்றார்கள், மற்றவரை 'போராளி' என்றார்கள். ரசலுக்கு மெர்சிடிஸ் இருந்தது. வில்லியம்ஸுக்கு எஞ்சின் கொடுத்ததும் அதே மெர்சிடிஸ்தான். பெரிய கொம்பனி பின்னுக்கு நின்றால் அதற்குப் பெயர் 'வளர்ப்புத் திட்டம்', தகப்பன் நின்றால் 'காசுத் திமிர்'.

தமிழ் ரசிகர்களுக்கு இன்னும் கிட்டவான உதாரணம் இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஜோர்டன் அணியில் ஓடி இந்தியாவின் முதல் ஃபோர்முலா வன் சாரதியானவர். 2006, 2007இல் இதே வில்லியம்ஸில் பரிசோதனைச் சாரதி. அவருக்குப் பின்னால் டாட்டாவின் அனுசரணை இருந்தது. 2011இல் எச்ஆர்டியில் ஓடினார். வருடத்தின் நடுவில், பிரித்தானியப் பந்தயத்தில் இருந்து, ரெட்புல் தன் பெடியன் டானியல் ரிக்கார்டோவை அந்த அணிக்குள் கொண்டுவந்தது. கார்த்திகேயன் இறங்க வேண்டி வந்தது. ஒரு காசு உள்ளே கொண்டுபோனவரை இன்னும் பெரிய காசு வெளியே எடுத்தது. கார்த்திகேயனை 'எங்கட ஆள்' என்று கொண்டாடின நாங்கள், டாட்டாவின் பெயரைக் கேட்டு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சுளிக்கத் தேவையும் இல்லை. ஒரு தமிழ்ப் பெடியன் ஐரோப்பாவில் கார் ஓட வேறு என்ன வழி இருந்தது? அந்த நியாயத்தை வெனிசுவேலாக்காரனுக்கும் கொடுங்கோ என்றுதான் கேட்கிறோம்.

உண்மை என்னவென்றால் அந்த 20 பேரில் காசில்லாமல் வந்தவர் என்று ஒருவரும் இல்லை. ஏழு எட்டு வயதில் கார்ட் ஓடத் தொடங்கி, டயர், எஞ்சின், பயணம் என்று வருடக்கணக்காக யாரோ ஒருவர் செலவழித்திருக்க வேணும். ஹமில்டனின் தகப்பன் ஒரே நேரத்தில் பல வேலை செய்துதான் மகனை ஓடவைத்தார். 13 வயதில் மக்லாரன் கைகொடுத்ததால்தான் மிச்சப் பாதை திறந்தது. அந்த ஒரு கதையை எடுத்துக்காட்டி "திறமை இருந்தால் வரலாம்" என்று சொல்லும் விளையாட்டில், 1976க்குப் பிறகு ஒரு பெண்கூடப் பந்தயம் தொடங்கவில்லை. சீட்டு விற்பனை 18 வயதில் வில்லியம்ஸின் வாசலில் நடந்தால் மட்டும் கண்ணில் படுகிறது. 8 வயதில் கார்ட் ஓடுபாதையின் வாசலில் நடப்பது ஒருத்தருக்கும் தெரிவதில்லை.

இந்தக் கேலி எங்கே போய் முடிகிறது என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2021 டிசம்பர், அபுதாபி. கடைசிச் சுற்றுகளில் வில்லியம்ஸின் நிக்கொலஸ் லட்டிஃபி காரை மதிலில் அடித்தார். பாதுகாப்புக் கார் வந்தது. அதற்குப் பிறகு நடந்த குழப்பத்தில் பட்டம் ஹமில்டனின் கையை விட்டு வெர்ஸ்டப்பனிடம் போனது. லட்டிஃபியும் காசுக்காரத் தகப்பனின் மகன். போதாதா? கொலை மிரட்டல்கள் வந்தன. லண்டனில் பாதுகாவலர் வைத்து நடமாட வேண்டி வந்ததாகப் பிறகு அவரே சொன்னார். பந்தய இயக்குநர் எடுத்த முடிவுக்கு, விளையாட்டின் விதிகளுக்கு, அடி வாங்கினது பின்வரிசையில் ஓடின ஒருவர். 'பணக்காரப் பெடியன்' என்ற முத்திரை குத்தினால் அவனை என்னவும் சொல்லலாம் என்று நினைக்கிறார்கள். பணக்காரரைத் திட்டினால் வர்க்க அரசியல் ஆகிவிடாது. காசு எப்படிப் பிரிபடுகிறது என்று கேட்காமல் ஆளைத் திட்டினால் அது வெறும் வாய்க்கொழுப்பு.

என்ன மாறினது, இன்னும் என்ன மாற வேணும்

காசுப் பிரிப்பைப் பற்றிக் கேட்போம். பல வருடமாக ஃபெராரிக்கு, அது எத்தனையாவது வந்தாலும், நீண்டகால அணி என்ற பேரில் தனியான கொடுப்பனவு இருந்தது. பெரிய அணிகள் செலவழிக்கிறதுக்கு எல்லையே இருக்கவில்லை. அதனால் முன்னுக்கு நின்றவர்கள் முன்னுக்கே நின்றார்கள், பின்னுக்கு நின்றவர்கள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தகப்பன்மாரைத் தேடினார்கள். 2021இல் முதல் தடவையாகச் செலவுக்கு உச்சவரம்பு வந்தது: வருடத்துக்கு 145 மில்லியன் டொலர். பரிசுக்காசுப் பங்கீடும் முந்தியதை விடக் கொஞ்சம் சமமானது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? வில்லியம்ஸ் உடனே எழும்பவில்லை, 2022இலும் கடைசிதான். ஆனால் புது உரிமையாளரின் காசு தொழிற்சாலைக்குள் போனது. 2023இல் ஏழாவது. 2024இல், ஃபெராரியில் பந்தயங்கள் வென்ற கார்லொஸ் செயின்ஸ் அந்த அணிக்கு வரச் சம்மதித்தார். யாரும் காசு கொண்டுவந்து சீட்டைக் கேட்கவில்லை, அணி போய்ச் சாரதியைக் கேட்டது. 2025இல் பாகுவில் அவர் மூன்றாவதாக வந்து மேடையில் நின்றார். பே ட்ரைவரை ஒழிக்க வேணும் என்று கத்தினவர்களால் இது நடக்கவில்லை. செலவுக்கு ஒரு கூரை போட்டதாலும், காசு தொழிற்சாலைக்குள் போனதாலும் நடந்தது.

எங்களுக்கு இது போதாது. உச்சவரம்புக்குள் சாரதிகளின் சம்பளம் அடங்காது, பெரிய அணிக்கு அதில் இன்னும் வாசல் இருக்கு. கார்ட்டிலும் ஃபோர்முலா 3, ஃபோர்முலா 2இலும் ஒரு பெடியனோ பெட்டையோ ஓட ஆகும் செலவுக்கும் கடுமையான எல்லை வேணும். அங்கே எல்லை இல்லாமல் மேலே மட்டும் எல்லை போட்டால், மேலே வந்து சேருகிறவர்கள் எப்போதும் ஒரே வீடுகளில் இருந்துதான் வருவார்கள். சின்ன அணிகளுக்குக் குறைந்தபட்ச உத்தரவாதக் காசு வேணும், அப்போதுதான் சீட்டை விற்கிறது பட்டினிக்கும் சோற்றுக்கும் இடையிலான தெரிவாக இருக்காது. பரிசோதனைச் சாரதிகளையும் ஒப்பந்தங்களையும் காட்டி ஏய்க்காமல், எந்தச் சாரதியோடு எந்த அனுசரணை வருகிறது என்பதை அணிகள் பகிரங்கமாகச் சொல்லவும் வேணும்.

இன்னொரு தகப்பன் இன்னொரு மகனோடு ஏதாவதொரு பின்வரிசை அணியின் வாசலில் கட்டாயம் வந்து நிற்பார். அன்றைக்கும் திரையில் அந்தப் பெடியனின் முகத்தைத்தான் காட்டுவார்கள். சிரிக்கிறதுக்கு முதல், அந்த வாசலைத் திறந்து விலை சொன்னவர் யார் என்று கேளுங்கோ.